ஆட்டுக் கொட்டிலுக்கு ஒரு மயிர் வெட்டும் மெசின்

இடம்பெயர்ந்த குடும்பம் ஒன்று மீண்டும் தலையெடுக்க நினைக்கும்போது முதலில் தேடுவது பெரும்பாலும் ஓர் ஆட்டையே. மாடு வாங்கக் கையில் பணம் வேண்டும். தோட்டம் செய்யக் காணி வேண்டும். ஆட்டுக்கு வேலியோரத்துக் கிளுவையும் பூவரசங்குழையும் போதும். 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்தும், 1995 ஒக்ரோபரில் வலிகாமம் முழுவதிலிருந்தும், 2008, 2009 ஆம் ஆண்டுகளில் வன்னியில் ஊர் ஊராகவும் எமது மக்கள் புறப்பட்டபோது, கட்டி நின்ற ஆடுமாடுகளின் கயிற்றை அவிழ்த்துவிட்டே வந்தார்கள். அப்படி வந்தவர்களின் வளவில் மறுபடி வந்து நிற்கும் ஒரு மறியாடு, பிள்ளையின் கொப்பிக் காசும் வீட்டாரின் மருந்துச் செலவும் நல்லது கெட்டதுக்கான கைமுதலும் ஆகும். அந்த ஆடு ஓர் உண்ணிக் கடியில் தொடங்கிய புழுப்புண்ணால் சாகுமானால், இழப்பு ஓர் ஆட்டோடு நிற்பதில்லை.

பற்றரியில் ஓடும் மயிர் வெட்டும் மெசின்கள் இப்போது நகரக் கடைகளில் பல விலைகளில் கிடைக்கின்றன. வாழ்வாதார உதவியாகக் கால்நடை வளர்ப்போர் குழுக்களுக்கு இவை கிடைப்பதும் உண்டு. நீண்ட வயர் தேவையில்லை. கரண்ட் இல்லாத கொட்டிலிலும் பட்டியடியிலும் நின்று வேலை செய்யலாம். மழை ஈரத்தில் வயரை இழுத்துத் திரியும் ஆபத்தும் இல்லை. ஆனால் ஒழுங்காகப் பாவிக்காவிட்டால் இவை ஒரு வருடம்கூடத் தாக்குப் பிடிப்பதில்லை. பழுதாகும் காரணங்களும் அநேகமாக ஒன்றேதான்: எண்ணெய் விடாதது, மண்ணோடு வெட்டியது, பற்றரியை வெக்கையில் போட்டு வைத்தது. இம்மூன்றையும் பற்றியே இக்கட்டுரையில் அதிகம் சொல்லப்போகிறோம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். உங்களிடம் இரண்டு ஆடுகள் மட்டும் இருந்தால் இந்த மெசினை வாங்காதீர்கள். நுனி மழுங்கிய ஒரு நல்ல கத்தரிக்கோலும், பழைய சலூன்களில் இருந்த கை மெசினும் உங்கள் வேலைக்குப் போதும். பத்துப் பதினைந்து ஆடு வைத்திருப்பவருக்கும், பால்மாடு வைத்திருப்பவருக்கும், பல குடும்பங்கள் சேர்ந்து ஒன்றை வாங்கும் சங்கத்துக்குமே இது பொருந்தும்.

எங்கே வெட்டுவது, எங்கே விடுவது

எமது வெயிலில் ஆட்டின் உடம்பு முழுவதையும் மழித்துவிட்டால் அதற்குக் குளிர்மையாக இருக்கும் என்று சிலர் எண்ணுகிறார்கள். இது சரியல்ல. ஆட்டின் மயிர் வெயிலையும் இலையானையும் மழையையும் தடுக்கும் போர்வை. சானன் கலப்பு ஆடுகளைப் போல வெள்ளை மயிரும் இளஞ்சிவப்புத் தோலும் உள்ளவற்றை மழித்தால் தோல் வெயிலில் வெந்து கொப்பளிக்கும். ஐப்பசி, கார்த்திகை மாரியில் மழித்த ஆடு நனைந்து நடுங்கும். குட்டியானால் சளி பிடித்துச் செத்தும் போகலாம். செம்மறியின் நிலை வேறு என்று நினைக்க வேண்டாம். யாழ்ப்பாணத்துச் செம்மறிக்கு இருப்பது குட்டையான மயிர்தான். கம்பளிக்காக வெட்டும் வேலை அதற்குக் கிடையாது.

எனவே மெசினை ஓட்ட வேண்டிய இடங்கள் சிலவே. ஜமுனாபாரிக் கலப்பு ஆடுகளுக்குப் பின்தொடையில் நீண்ட மயிர் தொங்கும். கழிச்சல் வந்தாலும், குட்டி ஈன்றாலும் அந்த மயிரில் சாணமும் இரத்தமும் ஒட்டிக் காய்ந்து சடையாகி, இலையான் முட்டையிடும் இடமாக மாறும். குட்டி ஈனுவதற்கு இரண்டு மூன்று கிழமைக்கு முன் வாலடி, பின்தொடை, மடியைச் சுற்றிய இடம் ஆகியவற்றைக் கட்டையாக வெட்டிவிட்டால், ஈன்றபின் கழுவித் துடைப்பது இலகு. குட்டியும் அழுக்கு மயிரைச் சூப்பாமல் முலைக்காம்பைக் கண்டுபிடிக்கும்.

பால்மாட்டின் மடியில் நீண்ட மயிர் இருந்தால் சாணியும் புழுதியும் அதில் ஒட்டி, கறக்கும்போது பாலுக்குள் விழும். அதைக் கட்டையாக வைத்திருப்பது பாலின் சுத்தத்துக்கு உதவும். வால் குஞ்சத்தில் சாணி கட்டியாகியிருந்தால் அடியை மட்டும் கொஞ்சம் குறைக்கலாம். முழுவதையும் வெட்டிவிடாதீர்கள். மாட்டுக்கு இலையான் விரட்ட இருக்கும் ஒரே கை அதுதான்.

இன்னொரு பயனும் உண்டு. குறிசுட்ட மாட்டின் குறி காலப்போக்கில் மயிரால் மூடப்பட்டு வாசிக்க முடியாமல் போகும். இடம்பெயர்வில் விட்டு வந்த மாடுகள் காடேறி, வேறு பட்டிகளோடு சேர்ந்து, பிறகு யாருடைய மாடு என்று தகராறு வரும் அனுபவம் வன்னியில் பலருக்கு உண்டு. அப்படியான வேளையில் குறி இருக்கும் இடத்து மயிரை மெசினால் ஒட்ட வெட்டினால், தழும்பில் மயிர் முளைக்காததால் எழுத்து தெளிவாகத் தெரியும். கிராம அலுவலர் முன்னிலையிலும் மற்றப் பகுதியார் பார்க்கவும் இதைச் செய்வது நல்லது. தனியாக வெட்டிவிட்டு வந்து காட்டினால், குறியை மாற்றிவிட்டீர்கள் என்ற பேச்சு வரும்.

மெசினுக்குள் என்ன நடக்கிறது

இந்த மெசின் பல கத்தரிக்கோல்களை ஒன்றாகச் சேர்த்தது போன்றது. கீழே அசையாத ஓர் அலகு. அதன் பற்கள் சீப்புப்போல மயிரை வரிசைப்படுத்தும். மேலே மற்ற அலகு மோட்டரின் விசையால் நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான தடவை பக்கவாட்டில் ஓடி, இரண்டு பல்லுக்கிடையில் வந்த மயிரை வெட்டும். இரும்போடு இரும்பு உராயும் வேலை என்பதால் எண்ணெய் இல்லாமல் அது ஓடக்கூடாது.

ஆட்டு மயிரை வெட்டும் மெசினின் பூர்வீகம் செம்மறிக் கம்பளியில் இருக்கிறது. அவுஸ்திரேலியாவில் பிரெடெரிக் வூல்ஸ்லி என்பவர் 1877இல் கம்பளி வெட்டும் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். அமெரிக்காவில் லியோ வால் கையில் பிடித்து ஓட்டும் மின்சார மயிர் வெட்டிக்கு 1921இல் காப்புரிமை பெற்றார். வயர் இல்லாமல் நீண்ட நேரம் ஓடும் இன்றைய மெசின்கள் லிதியம் பற்றரியால் வந்தவை. அந்தப் பற்றரியை 1991இல் சோனி நிறுவனம் முதன்முதலாக விற்பனைக்கு விட்டது. அதே ஆண்டில் பொருளாதாரத் தடையால் ஒரு ரோர்ச் பற்றரிகூட வவுனியாவைத் தாண்டி வர முடியாமல், சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டவர்கள் நாங்கள். பற்றரியைப் பேணிப் பாவிப்பது எங்களுக்குப் புதிதாகக் கற்க வேண்டிய பாடமல்ல.

பிரித்து மாற்றக்கூடிய அலகுகளில் ஓர் இலக்கம் பொறித்திருக்கும். இலக்கம் கூடக்கூட வெட்டு ஒட்டியதாகும். 10 ஆம் இலக்கம் ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீற்றர் மயிரை விட்டுவைக்கும். தோலை வெட்டும் ஆபத்துக் குறைவு. 40 ஆம் இலக்கம் தோலோடு ஒட்டி வெட்டுவது. மிருக வைத்தியர்கள் சத்திரசிகிச்சைக்கு முன் பாவிப்பது. ஒரேயொரு அலகுதான் வாங்க முடியும் என்றால் 10ஐ வாங்குங்கள். கையில் பணம் மிஞ்சினால் வேறு இலக்கத்துக்குப் போகாமல், அதே 10இல் இன்னொன்றை வாங்கி வையுங்கள். ஒன்று சூடாகும்போது மற்றதைப் போட்டு ஓட்டலாம்.

மனிதருக்கான சலூன் மெசின் மலிவு. அதனால் ஆட்டை வெட்டலாமா என்று கேட்பவர்கள் உண்டு. புண்ணைச் சுற்றி ஒரு கையகலம் வெட்ட அது உதவும். பின்தொடையின் தடித்த மயிரில் அதன் மோட்டர் திணறும், மயிரை வெட்டாமல் பிடித்து இழுக்கும், ஆடு துள்ளும். ஒருமுறை அப்படி நோவுபட்ட ஆடு அடுத்த முறை மெசினின் சத்தம் கேட்டதும் கயிற்றை அறுக்கப் பார்க்கும்.

வெட்டும் நாள்

மண்தான் அலகின் பெரிய எதிரி. கச்சான் காற்றுக் காலத்தில் ஆட்டின் மயிரடியில் புழுதி ஏறியிருக்கும். அதோடு ஓட்டினால் அலகு மணல் கடதாசியில் தேய்த்ததுபோல மழுங்கும். முதல் நாளே தும்புத் தூரிகையால் நன்றாகத் தட்டி வாரி, வெட்டும் இடத்தைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, நன்றாகக் காய விடுங்கள். ஈர மயிர் அலகில் ஒட்டிச் சிக்கும். சாணம் காய்ந்து இறுகிய சடையை மெசினால் வெட்ட முயலாதீர்கள். அதைக் கத்தரிக்கோலால், தோலுக்கும் சடைக்கும் இடையில் ஒரு சீப்பை வைத்து, சீப்புக்கு வெளியே வெட்டி எடுத்தபின் மெசினை ஓட்டுங்கள்.

காலை வெயில் ஏறுமுன் செய்வது நல்லது. ஆட்டுக்கு முன் கொஞ்சம் குழையைத் தொங்கவிட்டு, ஒருவர் கழுத்துப் பட்டியைப் பிடித்துக்கொண்டு சுவரோடு அணைத்து நிற்க, மற்றவர் வெட்டலாம். கழுத்துக் கயிற்றைக் கட்டையாகக் கட்டிவிட்டு ஒருவர் தனியாக வெட்டுவது ஆபத்து. ஆடு விழுந்தால் கயிறு இறுகும். மெசினை முதலில் நாலடி தள்ளி நின்று ஓடவிடுங்கள். சத்தத்துக்குப் பழகியபின், ஓடும் மெசினின் முதுகை ஆட்டின் தோளில் சிறிது நேரம் வையுங்கள். அதிர்வு பிடிபட்டதும் வெட்டத் தொடங்கலாம். காதடியிலோ முகத்திலோ ஒருபோதும் தொடங்காதீர்கள்.

அலகைத் தோலோடு படுக்கையாகப் பிடிக்க வேண்டும். நுனியைக் குத்திப் பிடித்தால் தோல் பல்லுக்குள் போய்விடும். மயிர் படிந்திருக்கும் திசையில் ஓட்டினால் நீளமாக மிஞ்சும். எதிர்த்து ஓட்டினால் ஒட்ட வெட்டுப்படும். பழகாதவர்கள் முதலில் திசையோடு ஓட்டிப் பாருங்கள். தோல் மடிந்து கிடக்கும் இடங்களில், அதாவது பின்தொடைக்கும் வயிற்றுக்கும் நடுவில், முன்னங்கால் கக்கத்தில், மடியின் அடியில், மற்றக் கையால் தோலை இழுத்துப் பிடித்தே வெட்ட வேண்டும். முலைக்காம்பை விரல்களால் மூடிக்கொள்ளுங்கள். கிடாய்க்கும் சிறு காம்புகள் உண்டு என்பதைப் பலர் மறந்து அதையும் வெட்டிவிடுகிறார்கள். வாலின் அடிப்பக்கத் தோலும் காதின் விளிம்பும் மெல்லியவை. அவற்றைக் கத்தரிக்கோலுக்கு விடுங்கள்.

இடையிடையே அலகை உங்கள் மணிக்கட்டின் உட்பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உங்களுக்குச் சுட்டால் ஆட்டின் மடித் தோலுக்கு எப்படிச் சுடும்? நிறுத்தி, எண்ணெய் விட்டு, ஒரு தரை ஓட்டின் மேலோ குளிர்ந்த இரும்புத் தட்டின் மேலோ அலகைப் படுக்க வைத்தால் சில நிமிடத்தில் ஆறிவிடும். தண்ணீரில் தோய்க்க வேண்டாம்.

புழுப்புண்

இக்கட்டுரையை எழுத முக்கிய காரணமே இதுதான். எமது பகுதியில் புழுப்புண்ணை உண்டாக்கும் இலையான் உயிருள்ள சதையைத் தேடி வருவது. உண்ணி கடித்த காயம், காதுத் தோடு குத்திய துளை, கொம்பு சுட்ட இடம், நலம் அடித்த காயம், புதிதாகப் பிறந்த கன்றின் தொப்புள், எதுவானாலும் அதன் ஓரத்தில் ஒரே தடவையில் நூற்றுக்கு மேல் முட்டையிடும். ஒரு நாளுக்குள் பொரித்துவிடும். புழுக்கள் தலையைச் சதைக்குள் வைத்து உள்நோக்கித் துளைத்துக்கொண்டு போகும். ஐந்து முதல் ஏழு நாளில் வளர்ந்து, மண்ணில் விழுந்து, மறுபடி இலையானாகும். அதன் நாற்றம் இன்னும் இலையான்களை அழைக்கும்.

நீண்ட மயிருக்குள் இது தொடங்கினால் வெளியே தெரியாது. ஆடு தனித்து நிற்கும், ஓரிடத்தைத் திரும்பத் திரும்ப நக்கும், காலை உதறும், தீன் குறையும், ஓரிடத்து மயிர் நனைந்தாற்போலக் கிடக்கும். இப்படிக் கண்டால் அன்றைக்கே மயிரை விலக்கிப் பாருங்கள். மெசின் இருக்கும் வீட்டில் இது ஐந்து நிமிட வேலை.

அரை லீற்றர் கொதித்தாறிய நீரில் ஒரு சிறு தேக்கரண்டி உப்பைக் கரைத்து, அதில் நனைத்த சுத்தமான சீலைத் துண்டைப் புண்ணின் மேல் வைத்து மூடிக்கொள்ளுங்கள். வெட்டிய மயிர் புண்ணுக்குள் விழாதிருக்கவே இது. பின் புண்ணின் விளிம்பிலிருந்து வெளிநோக்கி, மூன்று விரல் அகலத்துக்குச் சுற்றிவர மயிரை வெட்டுங்கள். அலகு புண்ணைத் தொடக்கூடாது. சீலையை எடுத்தபின் அதே உப்பு நீரால் கழுவி, தெரியும் புழுக்களை எடுத்துக் கொதிநீரில் போட்டுக் கொல்லுங்கள். நிலத்தில் போட்டால் அது மண்ணுக்குள் போய் இலையானாகத் திரும்பி வரும். பெற்றோலையும் மண்ணெண்ணெயையும் புண்ணுக்குள் ஊற்றும் வழக்கத்தை விட்டுவிட வேண்டும். புழுவோடு நல்ல சதையும் வெந்து, புண் ஆற இரண்டு மடங்கு நாள் எடுக்கும். உள்ளே ஆழத்தில் இருக்கும் புழுவுக்கு மருந்து வேண்டும். அரச கால்நடை வைத்திய அலுவலகத்தில் காட்டி மருந்து போடுங்கள். மயிர் வெட்டிச் சுத்தமாகக் கொண்டுபோன ஆட்டின் புண்ணில் மருந்து நேரே பிடிக்கும். வீட்டிலும் ஒவ்வொரு நாளும் புண்ணைப் பார்க்கலாம். மறைக்க மயிர் இல்லை.

எண்ணெய்

தையல் மெசின் எண்ணெய் போதும். மெல்லிய கனிம எண்ணெய் எதுவும் சரி. தேங்காய் எண்ணெயும் நல்லெண்ணெயும் கூடாது. சில நாளில் பிசின்போலாகி மயிர்த்தூளோடு சேர்ந்து இறுகி, மோட்டரை இழுக்க வைக்கும். எஞ்சின் ஒயில் மிகத் தடிப்பு. இறுகிய ஆணி கழற்ற அடிக்கும் ஸ்பிறேயும் எண்ணெய்க்குப் பதிலாகாது. அது அழுக்கைக் கழற்றும், ஆனால் நின்று பிடிக்காது.

வெட்டத் தொடங்குமுன், மெசின் ஓடிக்கொண்டிருக்கும்போது, பற்களின் இரு ஓரத்திலும் நடுவிலும் ஒவ்வொரு துளி, மேல் அலகு வழுக்கி ஓடும் பின்தடத்தில் ஒரு துளி விடுங்கள். சில விநாடி ஓடவிட்டு, அலகைக் கீழ்நோக்கிப் பிடித்து மிஞ்சியதைத் துடைத்துவிடுங்கள். மெசினை நிமிர்த்திப் பிடித்து எண்ணெய் விட்டால் அது மோட்டருக்குள் இறங்கும். பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை இதைத் திரும்பச் செய்ய வேண்டும். ஓர் ஆட்டுக்கு ஒரு தடவை என்று வைத்துக்கொண்டால் மறக்காது.

வேலை முடிந்ததும் அலகைக் கழற்றி, பழைய பற்தூரிகையால் இடுக்கு மயிரெல்லாவற்றையும் தட்டி எடுங்கள். பிசின் பிடித்திருந்தால், கழற்றிய அலகை மட்டும் சிறிது மண்ணெண்ணெயில் ஊறவிட்டுத் துடைக்கலாம். அடுப்புக்கும் விளக்குக்கும் தூரத்தில், வெளியில் வைத்து. பிறகு எண்ணெய் பூசி, எண்ணெய்ச் சீலையில் சுற்றி வையுங்கள். மன்னார், முல்லைத்தீவுக் கரையோரங்களில் உப்புக்காற்று ஓர் இரவிலேயே துருவேற்றும். அங்குள்ளவர்கள் இதை ஒரு நாளும் தவறவிட முடியாது.

திரும்பப் பூட்டும்போது ஒன்றைக் கவனியுங்கள். மேல் அலகின் பல்நுனி, கீழ் அலகின் பல்நுனிக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர் பின்னால் நிற்க வேண்டும். முன்னுக்கு வந்தால் அது தோலைத்தான் வெட்டும். கீழ் அலகில் ஒரு பல் உடைந்திருந்தாலும் அந்த அலகை எறிந்துவிடுங்கள். உடைந்த இடைவெளிக்குள் தோல் புகும்.

மெசின் வெட்டவில்லை என்றதும் அலகு மழுங்கிவிட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். பற்றரி இறங்கியிருக்கலாம். அலகிடையில் மயிர் அடைத்திருக்கலாம். எண்ணெய் காய்ந்திருக்கலாம். பெரிய மாட்டு மெசின்களில் அலகை அழுத்தும் திருகு ஒன்று இருக்கும், அது தளர்ந்திருக்கலாம். அதைக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கி, வெட்டத் தொடங்கும் இடத்தில் நிறுத்த வேண்டும். அதற்கு மேல் முறுக்கினால் அலகு சூடாகி, பற்றரி விரைவில் இறங்கும். இவ்வளவும் பார்த்தபின்னரும் வெட்டாவிட்டால்தான் மழுக்கம். அதைச் சாணைக்கல்லிலோ சீமெந்து நிலத்திலோ தேய்க்காதீர்கள். இரண்டு அலகும் சோடியாக, ஒன்றோடொன்று பொருந்தும்படி தீட்டப்பட்டவை. கத்திபோலத் தீட்டினால் பிறகு ஒருபோதும் பொருந்தாது. இதற்கென்றே இயந்திரம் வைத்திருப்பவரிடம் இரண்டையும் ஒன்றாகக் கொடுக்க வேண்டும், அல்லது புதியதை வாங்க வேண்டும்.

பற்றரியும் தகரக் கூரையும்

பழைய மெசின்களில் இருப்பது நிக்கல் கட்மியம் பற்றரி. அதை அடிக்கடி அரைகுறையாக ஏற்றாமல், நன்றாக ஓட்டி இறக்கி ஏற்றுவது அதற்கு நல்லது. இன்று விற்பவற்றில் அநேகமானவை லிதியம். இதற்கு முறை மறுபக்கம்: அடியோடு இறக்கி வைக்கக்கூடாது, மெசின் மெதுவானதும் நிறுத்தி ஏற்ற வேண்டும். மாரி முழுவதும் பாவிக்காமல் வைப்பதானால் பாதியளவு ஏற்றி வைத்து, இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்துப் பாருங்கள். எந்த வகை என்பது பற்றரியின் மேலேயே எழுதியிருக்கும்.

வெக்கை லிதியம் பற்றரியை மெல்லக் கொல்லும். தகரக் கூரையின் கீழ் சித்திரை மதியத்தில் அலுமாரியின் மேல்தட்டு எப்படிக் கொதிக்கும் என்பது கொட்டிலில் இருந்தவர்களுக்குத் தெரியும். மெசினை நிலத்தோடு, கட்டிலின் கீழோ சுவரோரமோ, மூடிய பெட்டியில் வையுங்கள். மோட்டார் சைக்கிளின் பெட்டிக்குள் போட்டு வெயிலில் நிறுத்த வேண்டாம். வேலை முடிந்து சுடச்சுட இருக்கும்போது சார்ஜில் போடாமல், ஆறவிட்டுப் போடுங்கள்.

மெசினோடு வந்த சார்ஜரைத் தவிர வேறொன்றைப் பாவிக்கக்கூடாது. முனை பொருந்துகிறது என்பதற்காக வோல்ற் பொருந்தும் என்றில்லை. ஜெனரேற்றரில் ஏற்றுவோர் அதை ஓடவிட்டு, சத்தம் சீரானபின் சார்ஜரைச் செருகி, நிறுத்துமுன் கழற்றிவிடுங்கள். சோலார் தட்டின் வயரை நேரே பற்றரியில் பொருத்துவது பற்றரியையும் எரிக்கும், வீட்டையும் எரிக்கும். மலிவான இன்வேட்டரில் போட்டு, சார்ஜர் கைபொறுக்காத சூடாகினால் கழற்றிவிட வேண்டும்.

கிடுகுக் கொட்டிலில் இருப்பவர்கள் இதைக் கட்டாயம் கவனத்தில் எடுங்கள். இரவில் எல்லோரும் படுத்தபின் சார்ஜில் விட வேண்டாம். பாயின் மேலோ, தலையணையின் மேலோ, கிடுகுச் செத்தையோரத்திலோ வைக்க வேண்டாம். சீமெந்து நிலத்தில் அல்லது இரண்டு கல்லின் மேல், ஆள் விழித்திருக்கும் வேளையில் ஏற்றுங்கள். பற்றரி ஊதியிருந்தாலோ, மணத்தாலோ, அதை மறுபடி ஏற்றவும் கூடாது, குத்திப் பார்க்கவும் கூடாது, குப்பையோடு போட்டு எரிக்கவும் கூடாது. பிள்ளைகளின் கைக்கு எட்டாமல், வீட்டுக்கு வெளியே மண் நிரப்பிய ஒரு வாளியில் வைத்து, இலத்திரனியல் கழிவு சேர்க்கும்போது கொடுங்கள்.

ஒரே மெசின், பல வளவுகள்

படர்தாமரை, சொறி, பேன் எல்லாம் ஒரு வளவிலிருந்து மற்ற வளவுக்கு மெசினில் ஏறிப் போகும். படர்தாமரையும் சிலவகைச் சொறியும் மனிதருக்கும் தொற்றும். ஆகவே ஆட்டுக்கு ஓட்டிய மெசினைப் பிள்ளையின் தலைக்கு ஓட்டாதீர்கள். திருவிழாவுக்கு முதல்நாள் சலூனில் கூட்டம் என்று யாராவது கேட்டாலும் கொடுக்காதீர்கள்.

ஒவ்வொரு வளவு முடிந்ததும் அலகை மயிர் நீக்கி, ஸ்பிரிட்டால் துடைத்து, நன்றாகக் காய்ந்தபின், எண்ணெய் விட்டு ஓட்டுங்கள். காயுமுன் ஓட்டினால் ஒரு பொறியில் பற்றிக்கொள்ளும். படர்தாமரைக்கு ஸ்பிரிட் போதாது. அந்த ஆட்டைக் கடைசியாக வெட்டி, அலகுக்கு எந்தத் தொற்றுநீக்கி என்று மிருக வைத்தியரிடம் கேட்டுப் பாவியுங்கள். குளோரின் தண்ணீரில் நீண்ட நேரம் ஊறவிட்டால் அலகு துருவேறிவிடும். மாடுகளுக்கு உடம்பெங்கும் கட்டி எழும் தோல் கழலை நோய் 2020இல் வடக்கில் பரவியதைப் பலரும் மறந்திருக்கமாட்டீர்கள். அதைப் பெரும்பாலும் பரப்புவது கடிக்கும் பூச்சிகளே என்றாலும், கட்டியோ பொருக்கோ உள்ள மாட்டில் மெசினை வைக்கவே வேண்டாம்.

சங்கத்துக்குக் கிடைக்கும் மெசின் எல்லோருடையதாகவும் இருப்பதால் ஒருவருடையதாகவும் இல்லாமல் போகிறது. உதவி கொடுப்பவர்கள் மெசினைக் கொடுப்பார்கள், படம் எடுப்பார்கள். எண்ணெய்ப் போத்தலையும் இரண்டாவது அலகையும் கொடுப்பது குறைவு. கேட்டு வாங்குங்கள். மெசினை வளவு வளவாக அனுப்பாமல், பழகிய ஒருவரோ இருவரோ அதனோடு போய் வெட்டிக் கொடுக்கும் முறை மேல். தனித்துக் குடும்பம் நடத்தும் பெண்களில் கைப்பக்குவம் உள்ளவர்கள் பலர். ஆட்டுக்கு இவ்வளவு என்று ஒரு சிறு கூலியை வைத்து அவர்களிடம் இப்பொறுப்பைக் கொடுக்கலாம். கூலியில் ஒரு பங்கு அடுத்த அலகுக்கும் பற்றரிக்குமாக ஒரு ரின்னில் சேரட்டும். ஒரு கொப்பியில் திகதி, யாருடைய வளவு, எத்தனை ஆடு, என்ன புண் அல்லது நோய் கண்டது, எண்ணெய் விட்டதா, அலகு கழுவியதா என்று எழுதி வையுங்கள். மூன்று மாதம் கழித்து அந்தக் கொப்பியைப் புரட்டினால், எந்தப் பக்கத்து வளவுகளில் சொறி பரவுகிறது என்பதும் தெரியவரும். கால்நடை வைத்திய அலுவலகத்துக்குப் போகும்போது அதையும் கையோடு கொண்டுபோங்கள்.